உங்கள் புரதத்தின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? படிகமா, கிரையோவா, என்.எம்.ஆரா, ஆல்ஃபாஃபோல்டா?

முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவி அண்மையில் என்னிடம் கேட்டது இது. அவர் கையில் ஒரு பாக்டீரியா நொதி இருக்கிறது. எடை 42 கிலோடால்டன். அதில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதும் நொதியின் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஏன் என்று தெரிய வடிவம் வேண்டும். கைடு படிகம் வளர்க்கச் சொல்கிறார். பக்கத்து மேசை நண்பர் "ஆல்ஃபாஃபோல்டில் போடு, அரை மணியில் வந்துடும்" என்கிறார். கருத்தரங்கில் பார்த்த ஒருவர் "இப்போ எல்லாரும் கிரையோதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நொதியிடம் அவர் என்ன கேட்கப் போகிறார் என்று மூவருமே விசாரிக்கவில்லை. "வடிவம் வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் எந்த வழியும் சரியாகத்தான் தெரியும். ஒன்றரை வருடம் போன பிறகுதான் தப்பான வழி என்று புரியும். அதனால் முதலில் எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது என்று பார்த்துவிட்டு, அப்புறம் நான்கு வழிகளுக்கும் போகலாம்: அமினோ அமில வரிசையில் இருந்து வடிவத்தைக் கணிக்கும் கணினி நிரலான ஆல்ஃபாஃபோல்டு, படிகத்தில் எக்ஸ்-கதிர் செலுத்திப் பார்க்கும் படிகவியல், உறையவைத்த புரதத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் கிரையோ-ஈ.எம்., காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை அளக்கும் என்.எம்.ஆர்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

முதலாவது, கேள்வி. மொத்தத்தில் எப்படி மடிந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. மருந்து மூலக்கூறு எந்த அணுவைத் தொடுகிறது என்பது வேறு கேள்வி. வேலை செய்யும்போது புரதம் எப்படி அசைகிறது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு 3 அல்லது 4 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் (எவ்வளவு நுண்ணிய விவரம் தெரியும் என்பதன் அளவு; எண் குறைந்தால் கூர்மை அதிகம்) போதும். இரண்டாவதற்கு 2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்காவது இருந்தால்தான் நம்பிப் பேச முடியும். மூன்றாவதற்கு அசையாத ஒற்றைப் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயன் குறைவு.

இரண்டாவது, அளவு. இங்கே பலர் தவறு செய்கிறார்கள். ஜெல்லில் (புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் சோதனை) 42 என்று தெரிவது ஓர் அமினோ அமிலச் சங்கிலியின் எடை. கரைசலில் அது இரண்டாகவோ நான்காகவோ சேர்ந்து நின்றால் கணக்கே மாறிவிடும்.

மூன்றாவது, எத்தனை மில்லிகிராம் கிடைக்கும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும். நான்காவது பணமும் கருவியும். எல்லாரும் இதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் நாட்டில் இன்று பொது வசதிகள் இருக்கின்றன: பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மைய வளாகத்தில் கிரையோ நுண்ணோக்கி, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் உயர்புல என்.எம்.ஆர்., இந்தோரில் வலிமையான எக்ஸ்-கதிர் தரும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்ப்பாதை. எனவே கருவி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வழியைத் தள்ளிவிட வேண்டாம்.

## எந்த வழியானாலும் முதலில் இந்த மூன்று சோதனை

புரதம் ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்றே பார்க்காமல் படிகத் தட்டு வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவின் செல்லுக்குள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும்போது பல புரதங்கள் மடிய நேரமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. அதை யூரியாவில் கரைத்து, மெதுவாக யூரியாவை நீக்கி மீண்டும் மடிய வைத்தால், பாதி மடிந்தும் மடியாமலும் ஒரு கலவை மிஞ்சலாம். ஜெல்லில் அது அழகான ஒற்றைப் பட்டையாகவே தெரியும். ஜெல் காட்டுவது சங்கிலியின் நீளத்தை மட்டும்தான்.

ஆகவே மூன்று சோதனை. புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல் வடிகட்டல் குழாயில் ஓட்டினால் ஒற்றை முகடு வருகிறதா, எந்த எடையில் வருகிறது என்று தெரியும். வட்டமாகச் சுழலும் ஒளியைப் புரதம் எப்படி உறிஞ்சுகிறது என்று அளக்கும் வட்ட இருநிறவியலில் 208, 222 நானோமீட்டர் இரண்டிலும் பள்ளம் தெரிந்தால் ஆல்ஃபா சுருள் இருக்கிறது. 200-க்குக் கீழே மட்டும் ஆழமான ஒரு பள்ளம் என்றால் புரதம் பெரும்பாலும் அவிழ்ந்து கிடக்கிறது. மூன்றாவது வெப்பச் சோதனை. சைப்ரோ ஆரஞ்சு சாயத்தைச் சேர்த்து, நிகழ்நேர பி.சி.ஆர். கருவியில் 25 டிகிரியில் இருந்து 95 வரை சூடாக்கினால், புரதம் அவிழும் இடத்தில் ஒளிர்வு ஏறும். ஒரு மதியத்தில் 96 பஃபர்களை (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்களை) ஒப்பிட்டுவிடலாம். உருகு வெப்பநிலையை அதிகமாகக் காட்டும் பஃபர்தான் உங்கள் பஃபர். இந்த ஒரு மதியம் பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

## ஆல்ஃபாஃபோல்டு

இதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் மற்ற மூன்றில் எதை எடுத்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். 2020இல் நடந்த, புரத வடிவங்களைக் கணிக்கும் காஸ்ப் போட்டியில் ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு பல புரதங்களின் வடிவத்தைச் சோதனை முடிவுக்கு மிக அருகில் கணித்தது. 2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி, ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் போனது. மறுபாதி புதுப் புரதங்களை வடிவமைக்கும் டேவிட் பேக்கருக்கு. உங்கள் புரதத்தின் கணிப்பு ஏற்கெனவே அந்தத் தொகுப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். செலவு என்று எதுவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு, படத்தை வாசிக்கத் தெரியாமல் போவதுதான். நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று வரும் நிறங்கள் அலங்காரத்துக்கு அல்ல. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 100-க்கு ஒரு நம்பிக்கை மதிப்பெண் இருக்கிறது. 90-க்கு மேல் என்றால் பக்கச் சங்கிலி வரைக்கும் நம்பலாம். 70-க்கு மேல் என்றால் முதுகெலும்பை, அதாவது சங்கிலியின் நடுத் தொடரை, நம்பலாம். 50-க்குக் கீழே இடியாப்பம் போல் சுற்றிக்கொண்டு நிற்கும் பகுதியை வடிவமென்றே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பகுதி உண்மையிலேயே கட்டற்று ஆடுகிறது என்பதன் அடையாளமாக அது பல நேரம் இருக்கும். இன்னொரு வரைபடமும் கூடவே வரும். இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று அது சொல்லும். தனித்தனியாக இரண்டு பகுதியும் அடர்நீலமாக இருந்தும், அவற்றுக்கு இடையே உள்ள கோணம் வெறும் ஊகமாக இருக்க முடியும். ஆய்வேட்டில் இந்த இரண்டாம் வரைபடத்தைச் சேர்க்காமல் "இரு பகுதிகளும் இங்கே தொடுகின்றன" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெரிய குறை வேறொன்று. ஒற்றை மாற்றத்தின் விளைவைக் கேட்டால் ஆல்ஃபாஃபோல்டு பெரும்பாலும் அதே படத்தைத்தான் திருப்பித் தரும். அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடையேயும் இந்த நோய் இருக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வருகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மூலக்கூறும் ஏறக்குறைய பழைய மாதிரியே மடிந்திருக்கும். ஆக்சிஜனை விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராக மாறுவதில்தான் நோயே இருக்கிறது. தனிச் சங்கிலியின் கணிப்பில் அது தெரியவே தெரியாது. அதுபோல இரண்டாம் பதிப்பு உலோக அயனி, ஹீம், மருந்து எதையும் வரையாது. 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு இவற்றையும் சேர்த்துக் கணிக்கிறது. ஆனாலும் அது கணிப்பு. கட்டுரையில் "பிணைகிறது" என்று எழுதத் தனிச் சான்று வேண்டும்.

இது போதும் என்றால்: எந்த இடத்தில் மாற்றம் செய்வது, எங்கே வெட்டிச் சிறிய துண்டாக உற்பத்தி செய்வது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மடிப்பு என்பவை மட்டும் உங்கள் கேள்வியாக இருந்தால் சோதனைக்கே போக வேண்டாம். இதை நான் தயங்காமல் சொல்கிறேன்.

## எக்ஸ்-கதிர் படிகவியல்

1958இல் கெண்ட்ரூ திமிங்கலத்தின் மயோகுளோபினைக் காட்டிய நாளில் இருந்து இதுதான் ராஜபாட்டை. உலகப் புரதத் தரவு வங்கி 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது படிகத்தில் இருந்து வந்தவை.

வேலை இப்படி. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குச் செறிவாக்கிய புரதத்தில் ஒரு மைக்ரோலிட்டர், அதோடு கிணற்றில் (தட்டில் உள்ள சிறு குழியில்) இருக்கும் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், ஒரு கண்ணாடித் துண்டின் மேல். விளிம்பில் கிரீஸ் தடவி, கண்ணாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கிணற்றை மூடிவிடுவோம். துளி தொங்கும். அதிலிருந்து நீராவி மெல்ல கிணற்றுக்குப் போகும், துளி செறிவடையும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நுண்ணோக்கியில் பார்ப்போம். பெரும்பாலான துளிகள் தெளிவாகவே இருக்கும், அல்லது பழுப்பாகத் திரிந்திருக்கும். முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் உப்புக் கரைசலில் ஒரே இரவில் படிகமாகிவிடும் என்பதால் பயிற்சி வகுப்பில் இது எளிதாகத் தெரியும். சொந்தப் புரதம் அப்படி இருக்காது.

என் முதல் படிகம் பதினோராம் நாள் வந்தது. ஊசி ஊசியாக, பளிச்சென்று. மூன்று வாரம் அதைப் பெரிதாக்க முயன்றோம். கதிரில் வைத்ததும் தெரிந்தது, அது கால்சியம் பாஸ்பேட். புரதம் பாஸ்பேட் பஃபரில் இருந்தது. கிணற்றில் கால்சியம் குளோரைடு இருந்தது. அன்றிலிருந்து எந்தப் படிகத்தையும் முதலில் ஊசி முனையால் அழுத்திப் பார்ப்பேன். உப்பு கடுக்கென்று உடையும். புரதப் படிகத்தில் ஏறத்தாழ பாதி தண்ணீர், அதனால் வெண்ணெய் போல நசுங்கும். அதோடு, படிகத் தட்டுக்குப் போகும் புரதத்தைப் பாஸ்பேட்டில் வைக்காதீர்கள்.

படிகம் கிடைத்த பிறகும் ஒரு தடை இருந்தது. படிகத்தில் பட்டுச் சிதறிய எக்ஸ்-கதிர் திரையில் விழும் புள்ளிகளில் இருந்து அலையின் வலிமை கிடைக்கும், கட்டம் (அலையின் ஏற்ற இறக்கம் எங்கே தொடங்குகிறது என்பது) கிடைக்காது. முன்பு இதற்காகவே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செலினியம் உள்ள செலினோமெத்தியோனின் சேர்த்துப் புதிதாகப் புரதம் தயாரிப்பார்கள். இன்று ஆல்ஃபாஃபோல்டு மாதிரியை வைத்தே பெரும்பாலும் கட்டத்தைக் கண்டுவிடலாம். அந்தக் கணிப்பு படிகவியலுக்குச் செய்த உதவி மிகப் பெரியது.

மறைந்த செலவுகள்: ஆடும் வால்களையும் வளையங்களையும் வெட்டிவிட்டால்தான் பல புரதங்கள் படிகமாகும். நீங்கள் கடைசியில் காட்டும் வடிவம் அந்த வெட்டிய புரதத்தினுடையது. பக்கத்து மூலக்கூறின் நெருக்கத்தால் ஒரு வளையம் இயல்பில்லாத இடத்தில் நிற்கவும் கூடும். படிகம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம்.

இதுவே சிறந்தது எனும் இடம்: மருந்து வேலை. படிகம் ஒருமுறை வசப்பட்டுவிட்டால், ஐம்பது மூலக்கூறுகளைத் தனித்தனியாக ஊறவைத்து, சின்க்ரோட்ரானில் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களில் தரவு எடுத்துவிடலாம். நொதியின் மையத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறு எங்கே நிற்கிறது என்பதைக் கூடப் பார்க்கலாம்.

## கிரையோ-ஈ.எம்.

படிகமே வேண்டாம். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் போல இருந்தால் மூன்று மைக்ரோலிட்டர் போதும். 3 மில்லிமீட்டர் அகலக் கிரிட்டில் (நுண்ணிய வலைத் தட்டில்) துளியை வைத்து, வடிதாளால் ஒற்றி எடுத்து, திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்துவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக அணிவகுக்கக் கூட நேரமில்லாமல் கண்ணாடி போல உறைந்துவிடும். உள்ளே புரதங்கள் பல கோணங்களில் சிக்கி நிற்கும். லட்சக்கணக்கான தனிப் படங்களைக் கணினியில் சேர்த்து முப்பரிமாணம் கட்டுவார்கள். இதற்காக டூபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது.

இதன் வேகத்தை உலகமே பார்த்தது. கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வெளியானது. அதன் கூர்ப்புரதத்தின் 3.5 ஆங்ஸ்ட்ராம் வடிவம் பிப்ரவரியிலேயே வெளியாகிவிட்டது. செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமையும் பாருங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதன் சிறிய பாதியைப் படிகத்தில் தீர்த்து 2000இல் வெளியிட்டார். 2009இல் நோபல் பெற்றார். பின்னாளில் அவருடைய ஆய்வகமே கிரையோவுக்கு நகர்ந்தது. அத்தனை பெரிய இயந்திரத்தைப் பல நிலைகளில் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் "எல்லாரும் கிரையோதான்" என்பது பெரிய புரதங்களுக்குப் பொருந்தும். 100 கிலோடால்டனுக்கு மேல் என்றால் நிம்மதி. 64 கிலோடால்டன் ஹீமோகுளோபினை 2017இல் தீர்த்துக் காட்டினார்கள், அது அன்று செய்தி. 50-க்குக் கீழே, ஒரு எதிர்ப்பொருள் துண்டையோ வேறு துணையையோ ஒட்டிப் பெரிதாக்காமல் போனால் இரைச்சலில் பெரும்பாலும் புரதமே தெரியாது.

மறைந்த செலவு கிரிட் தயாரிப்பில் இருக்கிறது. ஒற்றிய பிறகு மிஞ்சும் மெல்லிய நீர்ப் படலத்தில் புரதம் காற்றுப் பரப்பைத் தொட்டால் அங்கேயே அவிழ்ந்துபோகலாம். அல்லது எல்லா மூலக்கூறும் ஒரே பக்கமாகப் படுத்துவிடும். மற்றக் கோணங்கள் இல்லாமல் வடிவம் ஒரு திசையில் இழுபட்டுத் தெரியும். சோப்பு வகை சேர்ப்பது, கிரிட் மாற்றுவது, பனியின் தடிமனை மாற்றுவது என்று மாதங்கள் ஓடும். நுண்ணோக்கியில் கிடைப்பது ஒரு நாள்தான். அதற்கு முன் இருபது முப்பது கிரிட் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் தரவு. ஒரே அமர்வில் டெராபைட் கணக்கில் வரும். அதைச் சேமிக்க வட்டும், கணக்கிட நல்ல ஜி.பி.யு.வும் யார் தருவார்கள் என்று விண்ணப்பம் எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

## என்.எம்.ஆர்.

இதைப் பழைய வழி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முழு வடிவத்தைக் காண்பதற்கு இன்று இதைப் பரிந்துரைப்பது குறைந்துவிட்டது என்பது சரி. 25, 30 கிலோடால்டனுக்கு மேல் போனால் முகடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்; ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் ஏற்றி, சிறப்பு முறைகளைக் கையாள வேண்டும். நைட்ரஜன்-15 அடையாளமிட மலிவு. கார்பன்-13 குளுக்கோஸ் ஒரு லிட்டர் வளர்ப்புக்குச் சில கிராம் தேவை, அதன் விலை கையைக் கடிக்கும். அரை மில்லிமோலார் செறிவில் புரதம் அறை வெப்பத்தில் பல நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். எந்த முகடு எந்த அமினோ அமிலம் என்று அடையாளம் காண்பதே மாதக்கணக்கு வேலை.

ஆனால் கரைசலில், உயிரோட்டமான வெப்பநிலையில், ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் தனித்தனியாகப் பார்க்க இதற்கு நிகர் இல்லை. இரு பரிமாண நிறமாலை ஒன்றை அரை மணியில் எடுக்கலாம். புரோலின் தவிர ஒவ்வோர் அமினோ அமிலமும் ஒரு புள்ளி. புள்ளிகள் நன்றாகச் சிதறியிருந்தால் மடிந்த புரதம். நடுவில் ஒரே கொத்தாகக் கிடந்தால் அவிழ்ந்தது. மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே எடுத்தால் எந்தப் புள்ளிகள் நகர்கின்றன என்று கண்ணால் காணலாம். பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஆல்ஃபா-சினூக்ளின், 140 அமினோ அமிலம், தனியாகக் கரைசலில் இருக்கும்போது நிலையான வடிவமே இல்லாதது. அதைப் படிகமாக்க முடியாது, கிரையோவில் ஒரு வடிவமாகச் சேர்க்க முடியாது, ஆல்ஃபாஃபோல்டின் படத்தை நம்பவும் முடியாது. என்.எம்.ஆர். பேசும்.

## ஒரே பார்வையில்

| | ஆல்ஃபாஃபோல்டு | படிகவியல் | கிரையோ-ஈ.எம். | என்.எம்.ஆர். |
|---|---|---|---|---|
| வசதியான அளவு | எதுவும் | எதுவும், படிகமானால் | 100 கிலோடால்டனுக்கு மேல் | 30 கிலோடால்டனுக்குள் |
| தேவைப்படும் புரதம் | இல்லை | பல மில்லிகிராம் | மிகக் குறைவு | சில மில்லிகிராம், ஐசோடோப்புடன் |
| அசைவு தெரியுமா? | அரிதாக | குறைவு | பல நிலைகளாகப் பிரிக்கலாம் | நன்றாக |
| நேரம் விழுங்கும் இடம் | படத்தை வாசிப்பது | படிகம் வருவது | கிரிட், கணினி | முகடுகளை அடையாளம் காண்பது |
| ஒற்றை மாற்றத்தின் விளைவு | நம்ப வேண்டாம் | தெளிவு | பிரிதிறனைப் பொறுத்தது | தெளிவு |

எந்த வழியில் வடிவம் வந்தாலும், கடைசியில் அது ஒரு சென்னைச் சோதனையைத் தாண்ட வேண்டும். ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1963இல் வெளியிட்ட வரைபடம், முதுகெலும்பின் இரண்டு கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்கள் இடிப்பதால் சாத்தியமில்லை என்று காட்டியது. இன்றும் தரவு வங்கிக்கு வரும் வடிவங்களை அதை வைத்துச் சரிபார்க்கிறார்கள். உங்கள் மாதிரியில் தடைப்பட்ட பகுதியில் விழும் அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றையும் நீங்களே திரையில் போய்ப் பாருங்கள். நொதி மையத்தில் அப்படி ஒன்று விழுந்து, தரவும் அதைத் தெளிவாகக் காட்டினால், அதுவே உங்கள் கண்டுபிடிப்பாக இருக்கலாம். தரவு மங்கலாக இருந்தால் அது உங்கள் பிழை.

## கேள்வி "எப்படி மடிகிறது" என்றால்

இதையும் சிலர் மேலே சொன்ன நான்கோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆன்ஃபின்சன் 124 அமினோ அமிலம் கொண்ட ரைபோநியூக்ளியேஸை யூரியாவில் அவிழ்த்து, கந்தகப் பிணைப்புகளையும் உடைத்து, பிறகு யூரியாவையும் பிணைப்பை உடைத்த வேதிப்பொருளையும் நீக்கியபோது அது தானாகவே சரியான வடிவத்துக்குத் திரும்பியது. வடிவத்துக்கான தகவல் வரிசையிலேயே இருக்கிறது என்று அது காட்டியது. 1972இல் நோபலும் வந்தது. ஆனால் போய்ச் சேரும் ஊர் தெரிவதும் பாதை தெரிவதும் வேறு. ஆல்ஃபாஃபோல்டு, படிகம் இரண்டும் ஊரைத்தான் காட்டும். பாதைக்கு யூரியாவைப் படிப்படியாகக் கூட்டி ஒளிர்வை அளப்பது, மில்லிநொடியில் கலக்கும் கருவி, ஹைட்ரஜன்-டியூட்டீரியம் பரிமாற்றம் ஆகியவைதான் வழி.

## அந்த மாணவிக்கு

நான் சொன்னது இது. படிகத் தட்டை இன்னும் தொட வேண்டாம். முதலில் இயல்பான நொதி, மாற்றிய நொதி இரண்டின் உருகு வெப்பநிலையையும் ஒரே நாளில், ஒரே பஃபரில் அளந்து பாருங்கள். மாற்றியது பத்து டிகிரி முன்னதாகவே அவிழ்ந்தால், வேலை குறைந்ததற்கு மடிப்பு தளர்ந்ததே காரணமாக இருக்கலாம். அப்போது வட்ட இருநிறவியலும் யூரியா அளவீடும் உங்கள் கட்டுரையைத் தாங்கும். வடிவத்துக்கு ஆல்ஃபாஃபோல்டு போதும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் அவிழ்ந்தால், மாற்றம் நொதி மையத்தில்தான் ஏதோ செய்கிறது. ஜெல் வடிகட்டலில் 42-இல் முகடு வந்தால் கைடு சொன்னபடி படிகம், வினைபொருளை ஒத்த ஒரு மூலக்கூறோடு சேர்த்து. முகடு 168-இல் வந்தால் உங்கள் நொதி நான்காக நிற்கிறது. அப்போது கிரையோவுக்கும் விண்ணப்பம் போடலாம்.

போன வாரம் பதில் வந்தது. இரண்டும் 61 டிகிரியில் அவிழ்கின்றன. முகடு 42-இல். புரதம் பாஸ்பேட் பஃபரில் இருந்ததாம்; ஹெப்பிஸ் என்ற வேறு பஃபருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.